சிங்கத்தின் காலடியில் 329 பெயர்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடிக் காற்று தொடங்கியிருக்கும். ஜூலை 27 என்றால் நமக்கெல்லாம் அப்துல் கலாம் மறைந்த நாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன வருடத்திலிருந்து அந்தத் தேதியோடு ஒரு சிங்கமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் ரெடிங் என்றொரு ஊர். ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஃபோர்பரி கார்டன்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. அங்கே உயரமான கல் பீடத்தின் மேல், வாய் பிளந்து உறுமியபடி நடந்து வருகிறது ஓர் இரும்புச் சிங்கம். இந்த மாதம் என் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் என் அக்கா மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். லண்டன் பேடிங்டனிலிருந்து அங்கே போகும் ரயில் ரெடிங் வழியாகப் போகும். ரெடிங்கில் வேலை பார்க்கும் நம் வாசகர் ஒருவர், இருபது வருடமாகச் சந்தா கட்டி வருபவர், நான் வருவது தெரிந்து போன் செய்தார். "சார், நேரா போயிடாதீங்க. ரெடிங்ல இறங்குங்க. ஒரு மணி நேரம் போதும். உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றார். இறங்கினேன். கையில் ஒரு காபியைக் கொடுத்து நேரே பூங்காவுக்கு அழைத்துப்போனார்.

செப்டம்பர் மாதக் காலை. புல்வெளி ஈரமாக இருந்தது. அலுவலகம் போகிறவர்கள் குறுக்கு வழியாக வேக நடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியிலிருந்து தூக்கிச் சிங்கத்தைக் காட்டினார். அந்தக் குழந்தை உறுமிக் காட்டியது. ரெடிங்கில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் இந்தச் சிங்கத்தோடு அறிமுகமாகிறார்கள் என்றார் நண்பர்.

சுமார் 30 அடி நீளம். 16 டன் எடை. நம் கோயில் யானைகள் நான்கைச் சேர்த்து நிறுத்தினால் வரும் எடை அது. வார்ப்பிரும்பில் செய்தது. படுத்திருக்கும் சிங்கம், தூங்கும் சிங்கம், கேடயத்தில் கை வைத்த சிங்கம் எல்லாம் ஐரோப்பாவில் நிறைய உண்டு. இது நடக்கிறது. தலையை ஒரு பக்கம் திருப்பி, அடிபட்டும் அடங்காத மிருகத்தின் முகத்தோடு நடக்கிறது. முகத்தைப் பார்த்தவுடன் வெற்றிச் சின்னம் என்றுதான் நினைத்தேன். "இல்ல சார், தோத்த சண்டைக்கு வெச்சது" என்றார் நண்பர். பிறகு பீடத்தைச் சுற்றி வரச் சொன்னார்.

பீடத்தில் பெயர்கள். பலகை பலகையாகப் பெயர்கள். 11 அதிகாரிகள், 318 சிப்பாய்கள். மொத்தம் 329 பேர். எண்களை ரோமன் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கூட்டிப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. 66ஆம் பார்க்ஷயர் ரெஜிமெண்டைச் சேர்ந்த இவர்கள் 1879, 1880 ஆம் ஆண்டுகளின் ஆப்கன் போரில், கிரிஷ்க், மைவந்த், காந்தஹார் ஆகிய இடங்களில் உயிர் விட்டவர்கள் என்கிறது கல்வெட்டு. இதில் 286 பேர் ஒரே நாளில் போனவர்கள். அந்த ஒரு நாள்தான் 1880 ஜூலை 27.

அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரஷ்யா ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்துவிடுமோ என்ற பயத்தில் பிரிட்டிஷ் அரசு 1878 இறுதியில் அந்த நாட்டின் மேல் படையெடுத்தது. இரண்டாம் ஆப்கன் போர் என்பது இதுதான். 1880 கோடையில் காபூலில் ஒரு புதிய அமீரை உட்கார வைத்துவிட்டு வெளியேறிவிடலாம் என்று இருந்த நேரம். பழைய அமீர் ஷேர் அலியின் மகன் அயூப் கான், மேற்கே ஹெராத்திலிருந்து பெரும்படையோடு காந்தஹாரை நோக்கிக் கிளம்பினார். அவரைத் தடுக்கக் காந்தஹாரிலிருந்து ஜெனரல் பரோஸ் தலைமையில் சுமார் 2,500 பேர் அனுப்பப்பட்டார்கள். 66ஆம் ரெஜிமெண்டோடு பம்பாய் கிரனேடியர்ஸ், ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸ் என்ற இரண்டு இந்தியக் காலாட்படைகள், இந்தியக் குதிரைப்படை, பீரங்கிப்படை, பம்பாய் சாப்பர்ஸ் என்று கலந்த படை. அயூப் கானின் படை இதைப்போலப் பத்து மடங்கு இருந்ததாகச் சொல்கிறார்கள்.

மைவந்த் கிராமத்துக்கு அருகே, மறைவே இல்லாத பொட்டல் வெளியில் இரண்டு படைகளும் மோதின. முற்பகலில் தொடங்கியது. ஆடி மாத வெயிலை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹெல்மண்ட் பாலைவனத்தின் வெயில் அதைவிடக் கொடியது. தண்ணீர் இல்லை. ஆப்கன் பீரங்கிகள் எண்ணிக்கையிலும் அதிகம், குறி வைப்பதிலும் தேர்ந்தவை. இடது ஓரத்தில் நின்ற ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் நிறைய. மணிக்கணக்காகப் பீரங்கிக் குண்டுகளை வாங்கிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தவர்கள், அதிகாரிகளும் விழுந்துவிட, கடைசியில் நிலைகுலைந்தார்கள். அந்தச் சரிவு பக்கத்தில் நின்ற கிரனேடியர்ஸ் மேல் விழுந்தது. கிரனேடியர்ஸ் 66ஆம் படையின் மேல். பிற்பகல் மூன்று மணிவாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது.

66ஆம் படையில் எஞ்சியவர்கள் பின்வாங்கி, கிக் என்ற கிராமத்தின் தோட்டங்களில் நின்று சண்டையிட்டார்கள். கடைசியில் பதினொரு பேர் மிஞ்சினார்கள். இரண்டு அதிகாரிகள், ஒன்பது சிப்பாய்கள். தோட்டத்தைவிட்டு வெளியே வந்து, முதுகோடு முதுகு சேர்த்து நின்று, கடைசி ஆள் விழும்வரை சுட்டார்கள். இந்தப் பதினொருவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு இந்தச் செய்தி எப்படி வெளியே வந்தது? சொன்னவர் எதிர்ப்படையில் இருந்த ஓர் ஆப்கன் பீரங்கி அதிகாரி. சுற்றி வளைத்த ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பதினொருவரை நெருங்கத் தயங்கியதை அவரே சொல்லியிருக்கிறார். காந்தஹாரில் இருந்த ஜெனரல் பிரிம்ரோஸ் தன் அறிக்கையில் இதைச் சேர்த்து அனுப்பினார். வரலாற்றில் இதைவிட மேலான வீரம் இல்லை என்ற பொருளில் அவர் எழுதியதுதான் சிங்கத்தின் பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புகழுரைக்கு அடியில் சாட்சியாக இருப்பது எதிரியின் வாக்கு. பகைவனின் வீரத்தையும் பாடிய புலவர்களின் மொழியில் வாழும் நமக்கு இது உடனே புரியும் என்று நினைக்கிறேன்.

எஞ்சியவர்கள் இரவெல்லாம் தண்ணீர் இல்லாமல் காந்தஹாருக்குத் திரும்பி நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிறகு காந்தஹார் முற்றுகை. அதை உடைக்க ஜெனரல் ராபர்ட்ஸ் காபூலிலிருந்து சுமார் 10,000 பேரோடு 300 மைலுக்கு மேல் மூன்றே வாரத்தில் நடந்து வந்து, செப்டம்பர் 1ஆம் தேதி அயூப் கானைத் தோற்கடித்தார். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. 1881 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை காந்தஹாரையும் விட்டு வெளியேறியது. அதே வருடம் படைச் சீர்திருத்தத்தில் 66 என்ற எண்ணே இல்லாமல் போனது. வேறொரு படையோடு இணைத்துப் பார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்று புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். 1886 டிசம்பரில் சிங்கம் திறந்துவைக்கப்பட்டபோது அந்தப் போரும் முடிந்திருந்தது, அந்தப் படையின் எண்ணும் மறைந்திருந்தது. பெயர்கள் மட்டும் கல்லில் ஏறின.

சிங்கத்தைச் செய்தவர் ஜார்ஜ் பிளாக்கால் சைமண்ட்ஸ். ரெடிங்கிலேயே பிறந்தவர். ஊரில் பெரிய பீர் தொழிற்சாலை நடத்திய குடும்பம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கையில் வல்லூறை ஏந்தி நிற்கும் வேட்டைக்காரன் சிலை இவர் செய்ததுதான். இவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. சிங்கத்தைத் திறந்துவைத்த பிறகு, கால் வைப்பு தப்பு, இது வீட்டுப் பூனையின் நடை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அவமானம் தாங்காமல் சிற்பி உயிரை விட்டுவிட்டாராம். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் சொல்லிக்கொள்ளும் கதை. நம் ஊர்க் கோயில்களிலும் இப்படிச் சிற்பி கதை ஒன்றிரண்டாவது இல்லாமல் இருக்காது. உண்மை என்னவென்றால், சைமண்ட்ஸ் உயிருள்ள சிங்கங்களைக் கூர்ந்து பார்த்து, களிமண்ணில் சிறிதாகச் செய்து பார்த்து, அதன் பிறகுதான் பெரிதாக வார்த்தார். மறுவருடமே ஊர் மன்றத்துக்கு முன்னால் விக்டோரியா ராணியின் சிலையையும் செய்து நிறுத்தினார். 1929 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். சிங்கத்தின் நடை சரியானதுதான்.

பூங்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1121இல் முதலாம் ஹென்றி மன்னர் கட்டிய பெரிய மடாலயத்தின் முற்றமாக இருந்த இடம் இது. மன்னரைப் புதைத்ததும் அந்த மடாலயத்தில்தான். இடிபாடுகளின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்கார் வைல்ட் அடைபட்டுக் கிடந்த சிறை. 1856இல் பொதுமக்களுக்கான பூங்காவானது. 2020 ஜூன் 20ஆம் தேதி மாலையில் இதே புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருவன் கத்தியால் தாக்கியதில் மூன்று பேர் இறந்தார்கள். நண்பர் அந்த இடத்தைக் கையால் காட்டினார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சிங்கத்துக்குத் திரும்புகிறேன். மைவந்த் போரிலிருந்து பிழைத்து வந்தவர்களில் ஒரு நாயும் உண்டு. பாபி என்று பெயர். 66ஆம் படையின் சார்ஜெண்ட் ஒருவர் வளர்த்த சின்ன வெள்ளை நாட்டு நாய். முதுகில் காயத்தோடு, கூட்டத்திலிருந்து பிரிந்து, பின்வாங்கிய படையை எப்படியோ தேடிப்பிடித்துச் சேர்ந்தது. 1881இல் ஆஸ்போர்ன் மாளிகையில் விக்டோரியா ராணியே அதன் கழுத்தில் ஆப்கன் பதக்கத்தை அணிவித்தார். குண்டு மழையில் தப்பிய அந்த நாய் மறு வருடம் காஸ்போர்ட் ஊரில் ஒரு குதிரை வண்டியில் அடிபட்டுச் செத்தது. அதன் உடலைப் பதப்படுத்தி, பதக்கத்தோடு, சாலிஸ்பரியில் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கும் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லைப் பார்த்த வாசகர்களுக்கு, தலைவனோடு நின்று கள்வர்களைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயின் உருவமும் பெயரும் நினைவுக்கு வரும். நாய்க்கும் பெயர் எழுதி வைத்த ஊர் நம்முடையது. பின்னால் நான் சொல்லப்போவதற்கு இதை நினைவில் வைத்திருங்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் படித்தவர்களுக்கும் மைவந்த் தெரிந்த பெயர்தான். ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சன் அடிபட்டது இந்தச் சண்டையில். பார்க்ஷயர் படையோடு மருத்துவராகப் போய், தோளில் ஆப்கன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து ஊர் திரும்பியவராகத்தான் கானன் டாயில் அவரை அறிமுகப்படுத்துகிறார். முதல் கதை வெளிவந்தது 1887 கடைசியில். சிங்கம் திறக்கப்பட்டு ஒரு வருடம். அன்றைய வாசகருக்கு மைவந்த் என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு கதை இருக்கிறது. பஷ்தூன் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. ஆப்கன் வீரர்கள் பின்வாங்கத் தொடங்கியபோது மலாலை என்ற இளம்பெண் தன் முக்காட்டைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டடிப் பாட்டு ஒன்றைப் பாடி அவர்களைத் திருப்பிச் சண்டைக்குள் அனுப்பினாள். அவளும் அங்கேயே விழுந்தாள். பிரிட்டிஷ் ஆவணங்களில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆப்கானிஸ்தானில் அவள் பெயரில் பள்ளிகள் உண்டு. காபூலின் பெரிய கடைத்தெருவுக்கு மைவந்த் என்றே பெயர். வெற்றியின் நினைவாக ஒரு தூணும் அங்கே இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் சுவாத் பள்ளத்தாக்கில் 1997இல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அப்பா அந்தப் பெயரைத்தான் வைத்தார். மலாலா யூசுஃப்சாய். 2012இல் தலையில் குண்டடி பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு ரயிலில் அரை மணி. அன்று மாலை அக்கா மகள் வீட்டில் இதைச் சொன்னபோது, அவள் கையிலிருந்த தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

இப்போது, நண்பர் என்னை இறக்கிக் கூட்டிக்கொண்டுபோன காரணத்துக்கு வருகிறேன். பீடத்தை ஒரு சுற்று சுற்றி வந்ததும் அவர் கேட்டார். "இதுல நம்மாளுங்க பேரு ஒண்ணாவது இருக்கா சார்?"

இல்லை.

அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த அதிகாரிகளும் சிப்பாய்களும் 969 பேர். அதில் 66ஆம் படையினர் 286 பேர் என்றால், பீரங்கிப்படையில் இறந்த சிலரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 600க்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மூன்றில் இரண்டு பங்கு. இது ஆயுதம் ஏந்தியவர்களின் கணக்கு மட்டும். டூலி தூக்கியவர்கள், தோல் பையில் தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், ஒட்டகம் ஓட்டியவர்கள் என்று கூடப் போய் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கில் தனி. இந்தியப் படைகள் முதலில் உடைந்ததால்தான் தோற்றோம் என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. எண்களைப் பாருங்கள்: 66ஆம் படை தன் பலத்தில் 62 சதவீதத்தை இழந்தது, பம்பாய் கிரனேடியர்ஸ் 64 சதவீதத்தை. ஓடிப்போன படை நூற்றுக்கு 64 பேரை இழப்பதில்லை.

ரெடிங் சிங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பார்க்ஷயர் மாவட்டத்தார் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தது. இன்னும் சொன்னால், எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது. அந்தக் காலத்தில் போர் நினைவுச்சின்னம் என்றால் குதிரைமேல் ஒரு ஜெனரல், சர்ச் சுவரில் ஓர் அதிகாரியின் பெயர், அவ்வளவுதான். சாதாரணச் சிப்பாயை மொத்தக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளுவதே வழக்கம். பண்ணையில் கூலி வேலை பார்த்தவனும், பிஸ்கட் ஆலையில் மாவு பிசைந்தவனும் பட்டாளத்துக்குப் போய்ச் செத்தால், அவன் பெயரை ஊர் நடுவில் எழுதி வைக்கும் பழக்கம் பரவலானது அதற்குப் பிறகு வந்த போயர் போர்க் காலத்தில்தான். ரெடிங் 1886லேயே அதைச் செய்தது. 318 சிப்பாய்களின் பெயரையும் விடாமல் எழுதியது. தொடக்கத்தில் சுட்ட மண்ணால் ஆன பீடம் சேதமானபோது, 1910இல் அதை எடுத்துவிட்டுப் போர்ட்லாந்துக் கல்லில் மறுபடி கட்டியது. 140 வருடமாகத் துடைத்து, பராமரித்து, குழந்தைகளுக்குக் காட்டி வருகிறது.

எனக்கு வருத்தம் நம் பக்கத்தைப் பற்றியது. அந்த 600 பேரின் ஊர்களில் யார் என்ன எழுதி வைத்தார்கள்? பம்பாய்ப் படையில் சேர்ந்தவர்கள் கொங்கணம், தக்காணம், ராஜபுதனம், பஞ்சாப், சிந்து என்று பல பக்கத்துப் பிள்ளைகள். கிரனேடியர்ஸ் மரபு இன்று இந்தியப் படையில் இருக்கிறது. ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸ் பலூச் ரெஜிமெண்டாகி 1947இல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்று செத்தவர்களின் நினைவு இரண்டு நாடுகளாகப் பிரிந்து, இரண்டிலும் வேறு பெரிய கதைகளுக்கு அடியில் அமுங்கிப்போனது. அந்நியனுக்காகச் சண்டை போட்டவர்கள் என்று சுதந்திர இந்தியா அவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்தது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சம்பளத்துக்காக, வீட்டுப் பஞ்சத்துக்காகப் போன இருபது வயதுப் பையனிடம் பேரரசின் கணக்கைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் அந்தப் போரில் தொடர்பு உண்டு. மைவந்தில் இல்லை, கைபர் பக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் நம் பொறியாளர் படை அந்தப் போரில் இருந்தது. பாதை வெட்டுவதும் பாலம் கட்டுவதும் அவர்கள் வேலை. 'ஆப்கானிஸ்தான் 1878-80' என்ற போர்ச் சிறப்பு அந்தப் படைக்கு இருக்கிறது. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. வட இந்திய அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தம்பி என்று கூப்பிட்டாலே தெரியும், எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று.

தமிழ்நாட்டில் சில ஊர்களில், பழைய சத்திரத்துச் சுவரிலோ, மணிக்கூண்டிலோ, சாவடித் திண்ணையிலோ ஒரு சிறு கல் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். எண் மட்டும்தான். ஒரு பெயரும் இருக்காது. மைவந்த் நடந்து முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, அதே அரசின் கீழ் போனவர்கள் இவர்கள். பெரும்பாலோர் போன இடம் மெசபடோமியா, இன்றைய இராக். அங்கே பஸ்ராவுக்கு அருகே ஒரு பிரம்மாண்டமான நினைவுச்சின்னம் இருக்கிறது. புதைத்த இடம் தெரியாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் அதில் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு? படையின் பெயர், அதற்குக் கீழே எத்தனை பேர் என்று ஓர் எண்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் இதை ஒத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதன் குழு அறிக்கை கொடுத்தது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். விடுபட்ட பெயர்களைத் தேடும் வேலை நடக்கிறது. தேடுகிறவர்களுக்குப் பழைய காகிதங்கள் வேண்டும். அவற்றில் சில நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒன்று சொல்கிறேன். என் பாட்டி, அப்பாவைப் பெற்றவள், எப்போதாவது 'பஸ்ராவுக்குப் போன சின்னையா' என்று ஒருவரைப் பற்றிச் சொல்வாள். அவளுடைய அப்பாவின் தம்பி. பாட்டிக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஊர் எல்லை வரை தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, கையில் அரையணாக் கொடுத்துவிட்டுப் போனாராம். திரும்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஏதோ காகிதம் வந்தது, கொஞ்சம் பணமும் வந்தது, வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் பெயர் என்ன பாட்டி என்று நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். பாட்டி வெகுநேரம் யோசித்தாள். "சின்னையான்னுதான்யா கூப்பிடுவோம். பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே" என்றாள். நம் வழக்கம் அப்படி. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்ட பிள்ளைகளும் போய்விட்டால் உறவுமுறை மட்டும் மிஞ்சும். பாட்டி போய் முப்பது வருடம் ஆகிறது. கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

ரெடிங் பூங்காவில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது சின்னையாவின் நினைவுதான் வந்தது. இதை நண்பரிடம் சொன்னேன். அவர் தன் தாத்தாவின் அண்ணன் பர்மாவுக்குப் போனவர் என்றார். பெயர் தெரியுமா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்கிறேன் என்று அங்கேயே ஊருக்குப் போன் போட்டார். அம்மா எடுத்தார், பெயரைச் சொன்னார், அழுதுவிட்டார். இத்தனை வருடத்தில் யாருமே கேட்டதில்லை என்றாராம்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் ஊரில் அந்தச் சிறு கல் இருந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியெடுத்து, முடிந்தால் ஒரு புகைப்படத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், சுரண்ட வேண்டாம். உங்கள் குடும்பத்தில் பஸ்ராவுக்கோ, பர்மாவுக்கோ, பிரான்ஸுக்கோ, ஆப்பிரிக்காவுக்கோ போனவர்கள் இருந்தால், இந்த வாரமே வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெயர், ஊர், போன வருடம், தெரிந்தால் படைப்பிரிவு. பென்ஷன் காகிதம், பதக்கம், பழைய தபால் என்று எது கிடைத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். பதக்கங்களின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெள்ளி விலைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வருகிற பெயர்களை அடுத்த இதழிலிருந்து மாதாமாதம் அச்சிடுகிறோம். எத்தனை பக்கம் ஆனாலும் சரி. போனவர், திரும்பியவர், திரும்பாதவர், பாரம் சுமந்தவர், சமைத்தவர் என்று பிரிக்காமல் எல்லாரையும் போடுவோம். பெயர் தெரியாவிட்டாலும் அனுப்புங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ அதை எழுதுங்கள். பட்டியலின் முதல் வரியில் எங்கள் சின்னையாவைப் போட்டிருக்கிறேன். இரண்டாவது வரி ரெடிங் நண்பரின் பெரிய தாத்தா. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்